பத்திரிகைச் சுதந்திரச் சட்டம்: சேலம் சிறை முதல் இணையத் தடை வரை

இந்திய அரசியலமைப்பில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. குடிமக்கள் எல்லோருக்கும் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்குள்ளேயே நீதிமன்றங்கள் அதற்கும் இடம் கண்டன. அந்த வரிசையில் முதலில் வரும் தீர்ப்பின் பின்னணியில் சேலம் மத்திய சிறை நிற்கிறது. வழக்கின் பெயரை மட்டும் படிப்பவர்களுக்கு இது தெரியவராது.

பத்திரிகைக்காரர் சிறைக்குப் போவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இராசிபுரத்தில் பிறந்து, சேலத்தில் 'தமிழ்நாடு' இதழைத் தொடங்கிய பெ. வரதராஜுலு நாயுடு வெள்ளையர் ஆட்சியில் சிறை கண்டவர். அன்று அரசு நினைத்தால் அச்சகத்துக்குப் பூட்டுப் போடலாம். தடுக்க எந்த அடிப்படை உரிமையும் இல்லை.

குடியரசு பிறந்து 16 நாளில், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தனர். பெரும்பாலோர், அப்போது சென்னை மாநிலத்தில் சேர்ந்திருந்த மலபார்க்காரர்கள். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் சென்னை அரசைக் கடுமையாகச் சாடியது. மார்ச் 1 அன்று, அந்த இதழை மாநிலத்துக்குள் கொண்டுவரவும் விற்கவும் தடை வந்தது. தடைக்குக் கை கொடுத்தது 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம்.

தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26 அன்று தீர்ப்பு வந்தது. எழுதலாம், ஆனால் எழுதியது வாசகர் கைக்குப் போகக் கூடாது என்றால் அது சுதந்திரமே அல்ல என்பது நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். ஊரில் சச்சரவு எழுவதும் அரசின் பாதுகாப்புக்கே ஆபத்து வருவதும் ஒன்றல்ல என்றும் அது பிரித்துக் காட்டியது. நீதிபதி ஃபசல் அலி மட்டும் உடன்படவில்லை. அதே நாளில் டெல்லியின் 'ஆர்கனைசர்' இதழ் மீதான முன்தணிக்கையும் ரத்தானது. இடதுசாரி இதழையும் வலதுசாரி இதழையும் ஒரே அமர்வு காப்பாற்றிய நாள் அது.

நேரு அரசு சும்மா இருக்கவில்லை. 1951 ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் 'பொது ஒழுங்கு', 'அயல்நாடுகளுடனான நட்புறவு', 'குற்றத்துக்குத் தூண்டுதல்' ஆகியவற்றையும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களாகச் சேர்த்தது. கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் உடன் வந்தது. பின்னாளில் பத்திரிகைகளுக்குக் கை கொடுத்தது அந்த ஒரு சொல்தான்.

சேலம் சிறை மறுபடி எட்டிப்பார்ப்பது ஆட்டோ சங்கர் விவகாரத்தில். கொலை வழக்கில் செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது, 1991இல், அவர் தன் வரலாற்றை எழுதினார். காவல், ஆட்சிப் பணி அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்பும் அதில் உண்டு. 'நக்கீரன்' அதைத் தொடராக அறிவித்ததும், நிறுத்தச் சொல்லி சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போக, 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி அமர்வு தீர்ப்பளித்தது: அவதூறு வரும் என்று பயந்து வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ அதிகாரம் இல்லை; வெளிவந்த பிறகு வேண்டுமானால் வழக்குப் போடலாம். பொது ஆவணங்களில் உள்ளதற்கு அப்பால் தனிமனிதரின் அந்தரங்கத்தைத் தொடக் கூடாது என்ற வரம்பையும் அதே தீர்ப்பு வகுத்தது. 1995 ஏப்ரல் 27 அன்று சங்கர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இணையக் காலத்தில் 1951இன் சொற்களே திரும்பி வருகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் ஒரு தளத்தை முடக்கச் சொல்லப்படும் காரணங்களில் பொது ஒழுங்கும் அயல்நாட்டு நட்புறவும் உண்டு. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, அதே சட்டத்தின் 66ஏ பிரிவைச் செல்லாததாக்கியது. 69ஏ பிரிவை விட்டுவைத்தது. இணையத்தின் வழியே பேசுவதும் 19(1)(அ)வுக்குள் அடங்கும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் சொன்னது.

2015 தீர்ப்புக்குப் பத்து ஆண்டு கழித்து 69ஏ தமிழ் வாசகர் வீட்டுக்கே வந்தது. அமெரிக்க அதிபர் டிரம்ப்புக்கு அருகே பிரதமர் மோடி விலங்கோடு அமர்ந்திருப்பதாக விகடன் ஒரு கார்ட்டூன் வெளியிட்டது. 2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் அதற்குப் பிறகே வந்தது. ஒரு படத்துக்காக முழுத் தளமும் முடங்கியது. அச்சிதழில் இதற்கு இணையாக, ஒரு பக்கத்துக்காகப் பத்திரிகையின் பழைய இதழ்கள் அத்தனையையும் நூலகங்களிலிருந்து அள்ளிச் செல்வதைத்தான் சொல்ல முடியும். மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. சமரசம்தான், 1950இன் துணிவு அதில் இல்லை.

விகடனுக்கு வழக்கறிஞர்கள் உண்டு. ஆத்தூரிலோ திருச்செங்கோட்டிலோ யூடியூப் சேனல் நடத்தும் தாலுகா நிருபரின் நிலை வேறு. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பத்திரிகைப் பதிவுச் சட்டம் அச்சிதழ்களுக்கானது. இணையச் செய்தித் தளத்துக்கு அதில் பதிவு இல்லை. குற்றவியல் அவதூறு மட்டும் அச்சு, இணையம் என்று பேதம் பார்ப்பதில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் செல்லுமென்று உறுதிசெய்த அது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக, இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையோடு நீடிக்கிறது.