பிடிமண்ணும் மகுடமும்

பாண்டுப் குன்றின் மேலேறும் சந்துகளில் குடியமர்ந்த நம்மவருள் நெல்லைச் சீமையினரும் உண்டு. பிறந்த மண்ணை விட்டு வேற்றூர் செல்வோர், குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துச் சென்று, சென்ற இடத்தில் பீடம் எழுப்புவது அச்சீமையின் வழக்கம். பிடிமண்ணோடு தெய்வம் வந்துவிடுகிறது. கூத்து மட்டும் எளிதில் வருவதில்லை.

நாம் கூறுவது கணியான் கூத்தினை. தென்மாவட்டங்களில் சுடலைமாடன் கொடைக்கு அது இன்றியமையாதது. அண்ணாவி கதை பாடுவார். பின்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுவார். பெண்வேடம் பூண்ட ஆடவர் இருவர் சலங்கை கட்டி ஆடுவர். இருவர் மகுடம் முழக்குவர். மகுடம் என்றதும் மணிமுடியை எண்ணிவிடலாகாது. வட்ட மரச்சட்டத்தில் தோல் போர்த்த பறை அது. ஒன்று உச்சம், மற்றது மந்தம். நெருப்பில் காய்ச்சியே அதற்குச் சுருதி ஏற்றுவர். பார்வதி முந்தானையில் ஏந்திய விளக்குச் சுடர் பிள்ளையாகி, சுடுகாட்டில் பிணம் தின்று, அதனாலேயே கயிலையினின்று பூவுலகுக்கு அனுப்பப்பெற்ற கதை நள்ளிரவை நெருங்க நெருங்க, மகுடத்தின் நடை விரையும், சாமியாடி எழுவார்.

இதனை வெறும் ஆட்டமென்று கொள்ளுதல் பிழை. கணியான் காப்புக் கட்டி, தம் கையைக் கீறிக் குருதியைத் தெய்வத்துக்குப் படைக்கும் கைவெட்டுச் சடங்கும் இதில் உண்டு. அரசுப் பட்டியலில் பழங்குடியினராய்க் குறிக்கப்பெற்ற கணியான் குடியினரின் பரம்பரைக் கடமை இது. அக்குடியோ சிறிது. கொடை மாதங்களில் ஊர்க் கோயில்களே அவர்களை விடா; பம்பாய்க்கு யார் வருவார்? அவர்தம் மைந்தர் வேறு தொழில் நாடுவதைக் குறை கூறவும் நமக்கு வாயில்லை. நாமும் ஏரை விட்டுப் பேனா பிடித்தவர்களே அல்லவா!

ஜப்பானில் ஹயாச்சினே மலையடிவாரத்துச் சிற்றூர்களில் ககுரா என்னும் தெய்வ ஆட்டம் வாழ்கிறது. மலைத் துறவியர் ஆடிவந்த அது, பின்னர் ஊராரின் கைக்கு வந்தது. அந்நாட்டரசு 1976-இல் அதனைக் காக்கத்தக்க நாட்டார் கலையாக அறிவித்தது. 2009-இல் யுனெஸ்கோவும் ஏற்றது. ஆட்டத்தை ஊரார் கற்கலாம். கைவெட்டினை யார் கற்பார்? ஆதலின் அவ்வழி நமக்கு முழுதும் பொருந்தாது.

நாங்குனேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. கதைகள் அச்சில் நிலைத்தன. மகுடத்தின் நடைக்கு ஏது அச்சு?

ஒருமுறை கொடைக்கு ஊர் சென்றபோது, பம்பாயில் பிறந்த நம் இளைய மகன், பறையை ஏன் தீயில் காட்டுகிறீர்கள் என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் வினவினான். மகுடக்காரர் சிரித்துவிட்டு, “தொட்டுப் பாரும் தம்பி” என்று அதனை அவன் கையில் கொடுத்தார். சூடு தாளாமல் கையை மாற்றி மாற்றிப் பிடித்தானேயன்றி, அவன் அதனைக் கீழே விடவில்லை.