நூறு கோடிச் சிலைக்கு யாருடைய காசு?

2013 மே 14 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஜெயலலிதா விதி 110-இன் கீழ் ஓர் அறிவிப்பை வாசித்தார். அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையைப் போல, மதுரையில் தமிழ்த்தாய்க்கு ஒரு பிரம்மாண்டச் சிலை. செலவு 100 கோடி ரூபாய். விதி 110-இல் ஒரு வசதி உண்டு. அறிக்கையை வாசிக்கலாம், அதன்மேல் அப்போது விவாதம் கிடையாது.

விவாதம் டீக்கடைகளில் நடந்தது. அந்த வருஷம் சென்னையைத் தவிர எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசே அறிவித்திருந்தது. மின்வெட்டும் உச்சத்தில் இருந்தது. "வைகையில தண்ணியக் காணோம், சிலை ஒண்ணுதான் கொறச்சலா?" என்றார்கள் ஒரு பக்கம். "எல்லாம் மெட்ராசுக்கேவா? நம்மூருக்கும் ஒண்ணு வரட்டுமேப்பா" என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது குரலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதில் பல வருஷத்து ஏக்கம் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்புக்குமே அது 'கவர்மென்ட் பணம்', யாரோ எங்கிருந்தோ கொடுப்பது.

மதுரைக்கு இந்தப் பழக்கம் பழசு. புதுமண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கிய ராயகோபுரம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து முடியாமலே நிற்கிறது. மன்னர் நினைத்தார், தொடங்கினார். வரி கட்டியவரை யாரும் கேட்கவில்லை.

விஷயம் என்னவென்றால், முன்மாதிரியாகச் சொல்லப்பட்ட அந்த அமெரிக்கச் சிலையின் கதையே வேறு. சிலை பிரான்ஸ் மக்களின் அன்பளிப்பு. பீடம் மட்டும்தான் அமெரிக்கர்கள் பொறுப்பு. அதற்கே காசு இல்லை. 1884-இல் நியூயார்க் சட்டமன்றம் ஒதுக்க முயன்ற 50,000 டாலரை ஆளுநர் குரோவர் கிளீவ்லாண்ட் தடுத்துவிட்டார். அடுத்த வருஷம் அமெரிக்க நாடாளுமன்றமும் கைவிரித்தது. நியூயார்க் அலங்காரத்துக்கு நாங்கள் ஏன் அழணும் என்று மற்ற ஊர்க்காரர்கள் ஒதுங்கினார்கள்.

அப்போதுதான் ஜோசப் புலிட்சர் தன் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வசூலைத் தொடங்கினார். எவ்வளவு சின்னத் தொகையானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவேன் என்றார். சுமார் ஐந்தே மாதத்தில், 1885 ஆகஸ்டில், ஒரு லட்சம் டாலர் தாண்டியது. கொடுத்தவர்கள் லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. புலிட்சர் ஒன்றும் துறவி இல்லை, பத்திரிகை விற்பனையும் எகிறியது. ஆனாலும் 1886 அக்டோபரில் சிலை திறக்கப்பட்டபோது, அதில் தன் காசும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஒரு கூட்டமே இருந்தது.

நாம் அந்தச் சிலையின் உருவத்தை மட்டும் கடன் வாங்க நினைத்தோம்.

மெரினா கடலில் கருணாநிதிக்கு 81 கோடி ரூபாயில் 134 அடிப் பேனா என்ற திட்டம் வந்தபோது, 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். வைத்தால் உடைப்பேன் என்றார் சீமான். ஆதரித்துப் பேசியவர்களும் இருந்தார்கள். கூச்சல்தான், ஆனால் கேட்டார்கள். அதுவும் கடல் என்பதால்; சுற்றுச்சூழல் விதிகள் கேட்கச் சொன்னதால். பணத்துக்காக மக்களைக் கேள் என்று சொல்லும் விதி எதுவும் இல்லை. மதுரையில் கடலும் இல்லை.

விசித்திரமான, பிரம்மாண்டமான கலைக்கு நான் எதிரி இல்லை. சுதந்திர தேவியையே வீண்செலவு என்று சொன்னவர்கள் உண்டு. மதுரையில் அந்த 100 கோடிச் சிலை எழவே இல்லை. அதற்காக ஊரில் யாரும் பெரிதாக வருந்தியதாகவும் தெரியவில்லை. தலைக்கு ஒரு ரூபாய் உண்டியலில் போட்டிருந்தால், "எங்கப்பா அந்தச் சிலை?" என்று கேட்கவாவது நாலு பேர் இருந்திருப்பார்கள்.