சர்க்கரைத் தண்ணீரும் பன்னிரண்டு இலக்கமும்

கர்ப்பிணிகளைத் தொலைவிலிருந்து கண்காணிப்பது என்றதும் என்னைப் போன்ற மென்பொருள்காரர்களுக்குக் கையில் கட்டும் கருவியும் செயலியும்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் அந்தக் கதை ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரில் தொடங்குகிறது.

கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க வெறும் வயிற்றில் வரச் சொல்வது பழைய முறை. சாந்தோமில் வசிக்கிறேன், பக்கத்திலேயே நொச்சிக்குப்பம். விடிகாலையில் மீன் விற்க உட்காரும் பெண்ணிடம் ‘நாளைக்குச் சாப்பிடாம வாங்கம்மா’ என்றால், அந்த நாளைக்கு வராமலே போகலாம். சென்னை மருத்துவர் வீ. சேஷையா இதற்கு மாற்று சொன்னார்: சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கவனிக்க வேண்டும்.

2007-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. 2008-இல் வெளியான சேஷையா குழுவின் ஆய்வு தமிழ்நாட்டில் நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் என்றது. 2014-இல் மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதே முறையை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு வி. மோகன் குழு, வெறும் வயிற்றில் செய்யாத பரிசோதனை பலரைத் தவறவிடுகிறது என்று எழுதியது. இரு தரப்பும் சென்னை. துல்லியமான பரிசோதனைக்கு வராத பெண்ணா, வந்தும் தவறிப்போகும் பெண்ணா? எந்த இழப்பு சிறியது என்பதுதான் சண்டை.

அடுத்த அடுக்கு பிக்மி. கர்ப்பத்தைப் பதிந்ததும் 12 இலக்க எண். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதற்குக் கீழே ஏறும். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும். அதனால் எண் வாங்காமல் இருப்பவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சான்றிதழ் குழந்தைக்கானது.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி பரிசோதிக்கச் சொல்கிறது வழிகாட்டுதல். கைக்குழந்தையோடு எத்தனை பேரால் அதற்குப் போக முடியும்? 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அந்த வீடுகளில் ஒன்று, பத்து வருடம் முன்னால் பிக்மியில் 140-ஐத் தாண்டிய தாயுடையதாக இருக்கலாம். நோயாளியானபின் வாசலுக்கு வரும் அரசு, அந்த ஆறாவது வாரத்திலேயே வந்தால் போதும். அதற்குப் புதுக் கருவி வேண்டாம், பழைய எண்ணை மூடாமல் வைத்திருந்தாலே ஆகும்.