காற்றில் போட்ட எல்லைக்கோடு

எங்கள் செல்லிப்பட்டுப் பக்கம் புதுச்சேரியும் தமிழ்நாடும் துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்தத் துண்டுகளுக்கு நடுவே சுங்கக் கோடு ஓடியது. 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949-இல் முறிந்ததும் கெடுபிடி இறுகியது. மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் அந்தப் பக்கம் போக முடியாது என்று தாத்தா சொல்வார். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. லாரிகள் நிற்பது மட்டும் ஓயவில்லை. விற்பனை வரிச் சாவடிகளில் அப்பா பில்லும் கையுமாக விடிய விடியக் காத்துக் கிடந்தார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் அந்தச் சாவடிகள் போயின.

அவர்களுக்குப் பிறகு வந்த நானும் சரக்கோடுதான் இருக்கிறேன்: சேதராப்பட்டு, திருபுவனைக் கிடங்குகளில், ரேடியோ அலையால் சரக்கை அடையாளம் காணும் ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் பொருத்துகிறவன். பெட்டியில் ஒட்டிய டேக், அதைப் பிரிக்காமலே சரக்கின் எண்ணை ரீடருக்குச் சொல்லிவிடும். டேக்குக்குள் பேட்டரி கிடையாது. ரீடர் வீசும் அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்கிறது.

இந்தத் தொழிலுக்கு வாசல் திறந்தது ஒரு விதி. 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. வீட்டு ரேடியோவுக்கே தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிய காலம் உண்டு. 2005-இல்தான் மத்திய அரசு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைப்பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அதற்கும் வரம்பு உண்டு: கருவியின் திறன் 1 வாட், ஆன்டெனா வழியே வெளிப்படும் வீச்சு 4 வாட், ஒரு தடத்தின் (சேனலின்) அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். 2021-இல் பட்டை 868 வரை நீண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் கட்டாயமான ஃபாஸ்டாக்கும் இந்தப் பட்டையில்தான் பேசுகிறது.

அமெரிக்காவில் இதே வேலைக்கு 902 முதல் 928 வரை இருக்கிறது. அங்கே விற்கும் ரீடரை அப்படியே இங்கே ஓட்டினால், நம் கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசும் 890–915 பட்டைக்குள் அது கத்தும்; அக்கம்பக்கத்து அழைப்புகள் கெடும்.

சரியான பட்டையில் இருந்தாலும் தொல்லை தீராது. தண்ணீர் அலையைக் குடித்துவிடும். இரும்பு திருப்பி அடிக்கும். தண்ணீர் கேன், எண்ணெய் டின், இரும்பு ரேக் மூன்றும் உள்ள கிடங்கில் சாதா டேக் ஊமையாகிவிடும். டேக்குக்கும் உலோகத்துக்கும் நடுவே நுரைத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். நாலைந்து வாசலிலும் ரீடர் இருந்தால் ஒன்றின் குரலில் மற்றொன்றின் டேக் மூழ்கிப்போகும். ஆகவே தடங்களைப் பிரித்துக் கொடுத்து, வீச்சையும் குறைக்க வேண்டும். வீச்சைக் கூட்டுங்கள் என்று கேட்கும் முதலாளிகளிடம் நான் மறுத்துவிடுகிறேன். கூட்டினால் பக்கத்து வாசலில் நிற்கும் லாரியின் சரக்கும் நம் கணக்கில் ஏறிவிடும்.

தரையில் போட்ட கோடு எங்கள் மக்களைக் காக்க வைத்தது. காற்றில் போட்ட இந்தக் கோடோ பலரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய இடம் தருகிறது. அதனால் ரீடர் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன், அது 865–868-இல் இயங்குகிறதா, தொலைத்தொடர்புத் துறையின் கருவி ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள்.