பொதுக் களஞ்சியமும் புலமைத் தரவரிசையும்

பொருளாதாரம் என்பது பற்றாக்குறையைப் பற்றிய சாஸ்திரம் என்று கூறுவதுண்டு. ஒரு மூட்டை நெல்லை ஒரு குடும்பம் உண்டுவிட்டால், அடுத்த குடும்பத்துக்கு அந்த நெல் இல்லை. ஆனால், ஒரு கட்டுரையை ஆயிரம் பேர் படித்தாலும் அது குறைவதில்லை. அவ்வாறிருந்தும், பொருளாதார அறிஞர்கள் எழுதிய கட்டுரைகள் நெடுங்காலம் சிலருக்கு மட்டுமே கிட்டும் அரும்பண்டமாக இருந்து வந்தன. அந்த நிலை மாறத் தொடங்கிய வரலாறு அண்மைக் காலத்தது. அறிஞர்களை முன்னவர், பின்னவர் என வரிசைப்படுத்தும் ஆசை அம்மாறுதலுக்குத் துணை செய்தது. அதே ஆசை இன்று கல்வியுலகுக்கு ஓர் இடையூறாகவும் நிற்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்வரலாறு விளங்காது.

சற்றுப் பின்னோக்கித் தொடங்குவோம். 1927-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பொமோனா என்ற சிறு கல்லூரியைச் சேர்ந்த கிராஸ் என்ற குடும்பப் பெயருடைய இருவர், ஒரு நூலகக் கேள்வியை எடுத்துக் கொண்டனர். கல்லூரியிடம் இருக்கும் பணமோ கொஞ்சம்; உலகில் வெளிவரும் ரசாயன ஏடுகளோ பல. எவற்றுக்குச் சந்தா கட்டுவது? அவர்கள் ஒரு முக்கிய ஏட்டின் ஓராண்டுக் கட்டுரைகளை எடுத்து, அவற்றில் எந்தெந்த ஏடுகள் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டப்பட்டுள்ளன என்று எண்ணிப் பட்டியலிட்டனர். அடிக்கடி சுட்டப்படும் ஏடே முதலில் வாங்கத் தக்கது என்பது அவர்கள் கண்ட முடிவு. மேற்கோளை எண்ணும் வழக்கம் இவ்வாறு ஒரு நூலகத்தின் சிக்கனத்திலிருந்து வளர்ந்ததாகும். புலவர்களின் தலையை எண்ணும் நோக்கம் அன்று எவருக்கும் இல்லை.

யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1955-இல் இக்கருத்தைப் பெரிய அளவில் விரித்துரைத்தார். அவருடைய நிறுவனம் 1964-இல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. பொருளாதாரம் உள்ளிட்ட சமூக விஞ்ஞானங்களுக்கான அட்டவணை 1973-இல் வெளிவந்தது. ஒரு கட்டுரையை யார் யார் பின்னர் எடுத்தாண்டனர் என்று தேடிக் காண்பதற்கு அது அரிய கருவியாக விளங்கியது. ஆயினும், ஏட்டுக்கு இட்ட மதிப்பெண்ணை அந்த ஏட்டில் எழுதிய மனிதருக்கும் இடுவது எளிதாயிற்று. பதவி வழங்குவோரும் பணம் ஒதுக்குவோரும் அந்த எளிமையை விரும்பினர். ஏட்டைத் தேர்ந்தெடுக்கப் பிறந்த முழக்கோல், நாளடைவில் ஆளை அளக்கும் கோலாக மாறிவிட்டது.

இதே காலத்தில் பொருளாதாரத் துறையில் வேறொரு நெருக்கடி முற்றி வந்தது. 1970-ஆம் ஆண்டை ஒட்டி, முதன்மையான ஏடுகளுக்கு அனுப்பிய கட்டுரைகள் ஆறிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள் ஏற்கப்பட்டன. முப்பது ஆண்டுகள் கழித்து, பரிசீலனையும் திருத்தமுமாக அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை விழுங்கியது. இதனை கிளென் எலிசன் என்ற பொருளாதார அறிஞர் 2002-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். கட்டுரை அச்சாகும்போது அதன் செய்தி பழையதாகிவிடும். ஆகவே, அச்சேறுமுன்பே கட்டுரையை முன்வரைவாகப் பிரதி எடுத்து, சகாக்களுக்குத் தபாலில் அனுப்பும் வழக்கம் துறையில் வேரூன்றியது. அமெரிக்க நாட்டின் தேசியப் பொருளாதார ஆராய்ச்சிக் கழகம் 1973 முதல் இத்தகைய முன்வரைவுகளை வரிசை எண் இட்டு வெளியிட்டு வருகிறது. தபால் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குப் புதிய கருத்து உடனே கிட்டும். பெயர் இல்லாதவர்கள் ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். செல்வம் மிக்க பல்கலைக் கழகங்கள் தமக்குள் பரிமாறிக்கொண்ட விருந்து அது. மற்றவர்கள் வாயிற்படியில் நின்றனர்.

பிரிட்டனில் பணியாற்றிய தாமஸ் கிரிச்செல் என்ற இளம் பொருளாதார அறிஞர் இக்குறையைக் களைய முற்பட்டார். அதற்குமுன், 1991-இல், பால் கின்ஸ்பார்க் என்ற பௌதிக அறிஞர் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் தம் துறையின் முன்வரைவுகளுக்குக் கணிப்பொறிக் களஞ்சியம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். பௌதிகத்துக்கு ஒரே களஞ்சியம் போதுமானதாக இருந்தது. பொருளாதாரத்திலோ, ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர் தாங்கிய முன்வரைவு வரிசையைப் பெருமையோடு நடத்தி வந்தது; அதைக் கைவிட எதுவும் இசையாது. கிரிச்செல் 1993-இல் நெட்டெக் என்ற பெயரில் ஒரு தொகுப்பைத் தொடங்கினார். மாண்ட்ரியால் பல்கலைக் கழக நூலகர் ஃபெத்தி மிலி தாம் சேகரித்து வைத்திருந்த முன்வரைவுகளின் விவரங்களை அவருக்கு அளித்தார். ஒரு நூலகர் பொறுமையாகச் சேர்த்த குறிப்புகள் இப்பெருமுயற்சிக்கு அடித்தளமாயின என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

1997-இல் இம்முயற்சி 'ரெபெக்' என்ற பெயருடன் புதிய உருவம் பெற்றது. அதன் அமைப்பு எளியது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டுரைகளின் ஆசிரியர், தலைப்பு, சுருக்கம், கிடைக்கும் இடம் ஆகிய விவரங்களை, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே முறையில் எழுதித் தன் கணிப்பொறியிலேயே வைத்துக்கொள்ளும். அவ்விவரங்களை யார் வேண்டுமாயினும் திரட்டி, பொதுமக்கள் தேடிப் பார்க்கத் தக்க அட்டவணையாகத் தரலாம். கிறிஸ்டியன் சிம்மர்மன் 'ஐடியாஸ்' என்ற அட்டவணையை ஏற்படுத்தினார். சுவீடனில் சூனே கார்ல்சன் 'ஈகான்பேப்பர்ஸ்' என்ற மற்றொன்றை நடத்தினார். தலைமை அலுவலகமும் கட்டணமும் இல்லாமல், தொண்டர்களின் உழைப்பால் இது நடந்து வருகிறது. கிராமத்துப் பொது ஏரியில் ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக்கு ஒரு நாள் மண் சுமந்து கரையைக் காப்பது போன்ற ஏற்பாடு இது. சொந்த நிறுவனத்தின் வரிசையில் இடம் பெறாத ஆசிரியர்களுக்கென, எக்கெஹார்ட் ஷ்லிக்ட் 2006-இல் மியூனிக் நகரில் ஒரு தனிக் களஞ்சியத்தை நிறுவினார். இன்று ரெபெக் அட்டவணையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல், கட்டுரை விவரங்கள் உள்ளன. அவற்றுள் பிரசுரகர்த்தர்களின் பூட்டுக்குள் இருப்பவையும் உண்டு. ஆயினும், பூட்டிய கட்டுரையின் முன்வரைவு வேறோரிடத்தில் இலவசமாகக் கிட்டுமானால், அந்த இடத்தையும் அட்டவணை காட்டிவிடும்.

இனித் தரவரிசைக்கு வருவோம். பொதுக் களஞ்சியத்துக்குப் படைப்பை அளிப்பதால் தமக்கு என்ன லாபம் என்று கேட்பது மனித இயல்பு. ரெபெக் இயக்கத்தினர் இதற்கு ஒரு தூண்டில் கண்டனர். ஆசிரியர்கள் தம் பெயரைப் பதிவு செய்து, தம் படைப்புகளைத் தாமே அடையாளம் காட்டினால், அவர்களுடைய நிலை மாதந்தோறும் கணக்கிடப்படும். எழுதியவை எத்தனை, பிறர் சுட்டியவை எத்தனை, படித்தவர் எத்தனை பேர் என்று முப்பதுக்கும் மேற்பட்ட அளவுகோல்களைக் கொண்டு இவ்வரிசை அமைகிறது. முன்னிலையில் உள்ள நூற்றுக்கு ஐவர் அளவினரின் பெயர்களே பொதுவில் வெளியிடப்படும். மற்றவர்களுக்கு அவரவர் நிலை தனியே தெரிவிக்கப்படும். பின்தங்கியவர் ஊரறிய நாணாதிருக்க இது நாகரிகமான ஏற்பாடு. தம் பெயர் மேலே ஏறவேண்டும் என்ற ஆவலால் ஆசிரியர்கள் பதிவு செய்தனர். விடுபட்ட கட்டுரைகளைச் சேர்க்குமாறு தம் நிறுவனங்களை நச்சரித்தனர். 60,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இன்று பதிவு செய்துள்ளனர். பெருமையை நாடிய கைகளே களஞ்சியத்தை நிரப்பின. வரிசைப்படுத்தும் ஆசை இங்கே ஒரு நன்மையைச் செய்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால், தூண்டிலைத் துலாக்கோலாகப் பயன்படுத்தினால் என்ன நேரும்? 1994-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எஸ்.எஸ்.ஆர்.என். என்ற மற்றொரு முன்வரைவுக் களஞ்சியம், ஒரு கட்டுரை எத்தனை முறை இறக்கிக்கொள்ளப்பட்டது என்று எண்ணி ஆசிரியர்களை வரிசைப்படுத்தியது. தம் எண்ணிக்கையை உயர்த்துவதற்காகச் சிலர் தம் கட்டுரையைத் தாமே திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டனர் என்பதை எடெல்மன், லார்கின் என்ற இரு ஆய்வாளர் கண்டறிந்து 2015-இல் வெளியிட்டனர். தம்மோடொத்த சகாக்கள் முந்தும்போது இச்செயல் மிகுந்தது என்பது அவர்கள் கண்ட உண்மை. 2016-இல் எல்செவியர் என்ற பிரசுர நிறுவனம் இக்களஞ்சியத்தை விலைக்கு வாங்கிவிட்டது. பலர் நிரப்பிய களஞ்சியத்துக்கு உரியவர் யார் என்ற கேள்வியை அந்நிகழ்ச்சி எழுப்பிற்று. ஒருவருக்கும் சொந்தமாகாத ரெபெக் அமைப்பை அவ்வாறு விற்பது எளிதன்று.

பொருளாதாரத் துறையில் 'முதல் ஐந்து' என்று பெயர் பெற்ற ஐந்து ஏடுகள் உண்டு. நோபெல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் சிதார்த் மோக்தனும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக் கழகங்களில் நிரந்தரப் பதவி பெறுவதற்கு இவ்வைந்து ஏடுகளும் எவ்வளவு வலிமையான வாயிற்காவலராக நிற்கின்றன என்று காட்டினர். அதனைக் கண்டிக்கவும் செய்தனர். நம் நாட்டிலும் படிப்பினை உண்டு. பல்கலைக் கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியர் பதவி உயர்வுக்குப் பிரசுரங்களை எண்ணிப் புள்ளி வழங்கும் முறையைக் கொணர்ந்தது. பணம் பெற்று எதையும் அச்சிடும் போலி ஏடுகள் பெருகின. 2018 மே மாதத்தில் 4,305 ஏடுகளைத் தன் பட்டியலிலிருந்து குழுவே நீக்க வேண்டியதாயிற்று. ஓர் அளவை ஆட்சிக்கருவியாக்கிய அளவில் அது அளவாக இருக்கும் தகுதியை இழக்கிறது என்னும் கருத்து, 1975-இல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் நாணயக் கொள்கை பற்றிக் கூறியதிலிருந்து பிறந்ததாகும். பிறருக்குச் சொன்ன மருந்தைப் பொருளாதாரத் துறை தானும் உட்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை? தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம், நிதி பற்றிய அறிக்கை ஒன்றைத் தமிழாக்கும்போது, அதில் சுட்டப்பட்ட ஒரு கட்டுரையைத் தேடியதுண்டு. ஏட்டின் வாயிலில் கேட்ட கட்டணம் நம் கைக்கு எட்டவில்லை. அதன் முன்வரைவு பொதுக் களஞ்சியத்தில் கிடைத்தது. ஒரு கலைச்சொல்லின் பொருள் தெளிவாயிற்று. இவ்வாறு தேடும் தமிழ் மாணவர் மும்பையிலும் பெங்களூரிலும் புவனேசுவரத்திலும் இருப்பர். மத்திய அரசாங்கம் 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரு நாடு, ஒரு சந்தா' திட்டம், 2025 முதல் 2027 முடிய 6,000 கோடி ரூபாய்ச் செலவில், 13,000 அளவிலான ஏடுகளை அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏறத்தாழ 6,300-க்குத் திறந்துவிட வகை செய்கிறது. இது பெரும் உதவியே. ஆயினும், அந்நிறுவனங்களுக்கு வெளியே நிற்பவர்களுக்குப் பொதுக் களஞ்சியமே புகலிடம்.

அக்களஞ்சியத்துக்கு நம் நாட்டு நிறுவனங்களும் தம் பங்கைச் செலுத்துகின்றன. மும்பையிலுள்ள இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிலையம், திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம், தில்லியிலுள்ள தேசியப் பொது நிதி, கொள்கை நிலையம், சென்னைப் பொருளாதாரப் பள்ளி ஆகியவற்றின் முன்வரைவுகள் ரெபெக் அட்டவணையில் உள்ளன. கடைசியிற் கூறிய இரண்டையும் தோற்றுவித்துப் பேணி வளர்த்தவர் ராஜா செல்லையா என்ற தமிழ்ப் பொருளாதார அறிஞர். தில்லியில் ஒன்றும் சென்னையில் ஒன்றுமாக அவர் நட்ட இரு மரங்களின் கனியும் இன்று ஒரே கூடையில் சேர்கின்றன.

மற்றொன்றும் சிந்திக்கத் தக்கது. ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தின் கூலி நிலவரத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் நல்ல நூல், உலக மேற்கோள் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. வட்டாரத்துக்கு உரிய ஆராய்ச்சியின் சிறப்பைக் காக்க வேண்டும் என்று 2015-இல் வெளியான லெய்டன் அறிக்கை வற்புறுத்தியதன் காரணம் இதுவே. 'தரவரிசை' என்ற நம் சொல்லிலேயே தரம், வரிசை என்று இரு சொற்கள் உள்ளன. வரிசையைக் கணிப்பொறி காட்டிவிடும். தரத்தைக் காண்பதற்கு ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். படிப்பதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

சீகாழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகி, பின்னர் காசியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நூல் பயன்படுவதற்கே என்பதை முதலில் நிறுத்தினார். தம் ஊரை விட்டுப் பல ஊர்களில் அறிவைப் பொதுவாக்கிய தமிழர் அவர். கட்டுரைகளை முன்னும் பின்னுமாக நிறுத்துவதற்கு முன்னர், அவை வாசகன் கையை அடைந்தனவா என்று கேட்பதே அவர் வழி. வரிசைகள் மாதந்தோறும் மாறும். களஞ்சியத்தில் இட்ட நெல் நாளை வருபவனுக்கும் உதவும்.