கட்டையிற் குடியிருந்த காவல்

மேற்கு ஆபிரிக்காவிலே நைசர் ஆறு எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து, கண்டற் காடுகளினூடே சென்று கடலிற் கலக்கின்றது. நைஜீரியாவைச் சேர்ந்த அக்கழிமுகமே இஜோ மக்களின் தாயகம். நீரிலும் காட்டிலும் ஆவிகள் உறைகின்றன என்பது அவர்தம் பண்டை நம்பிக்கை. நீரில் உறைவன பெரும்பாலும் செல்வமும் மகப்பேறும் அருள்வன. காட்டில் உறைவனவோ போர்க்குணம் மிக்கவை. ஆதலாற் காட்டாவிகளை ஆயுதபாணிகளாகவும், சிலவேளை பல தலைகளுடனும் மரத்திற் செதுக்கிக் கோயில்களில் நிறுத்தினர். மேற்கு இஜோ மக்களிடையே குடும்பத் தலைவனைக் காக்கும் ‘எஜிரி’ என்னும் உருவமும் உண்டு. பெரும் பற்களைக் காட்டி நிற்கும் நாற்கால் விலங்கு ஒன்று. அதன்மேல் ஒரு மனிதன்.

இவ்வுருவங்கள் கண்ணுக்கு விருந்தாகச் செய்யப்பட்டவையல்ல. கிழக்கே வாழும் கலாபாரி இஜோ மக்களை ஆராய்ந்த றொபின் ஹோட்டன், 1965இல் வெளிவந்த தமது நூலில் இதனை விளக்கியுள்ளார். சிற்பம், ஆவி வந்து தங்கும் இடம், அவ்வளவே. மேலும், வழிபடுவோரின்றி ஆவிக்கு வலிமை இல்லை. ஆவி அளவுகடந்து துன்புறுத்தினால், அது எந்த மரத்திற் செதுக்கப்பட்டதென்பதை அதற்கே சொல்லிவிடுவோம் என்னும் பொருள்பட அவர்களிடையே ஒரு பழமொழி வழங்கியது. தெய்வத்துக்கு இத்துணைத் துணிவாக எச்சரிக்கை விடுத்த மக்கள் சிலரே!

அதே கலாபாரி மக்களின் வணிகக் குடித் தலைவர் இறந்தால், அவருக்கென ஒரு மரத்திரை செய்யப்பட்டது. ‘இறந்தோரின் நெற்றி’ என்பது அதன் பெயரின் பொருள்; நெற்றியே மனிதனின் ஆவி உறையும் இடமாம். ஒரே கட்டையைக் குடையாது, பல துண்டுகளைப் பொருத்தியும் கட்டியும் அதனை அமைத்தனர். நடுவிலே தலைவர், இருமருங்கும் ஏவலர். தலைவர் வாழ்நாளில் ஆடிய முகமூடிக் கூத்தின் தலையணியும் அதில் இடம்பெறும். அக்குடியினர் அதன்முன் படையலிட்டுக் காவல் வேண்டினர்.

1915, 1916ஆம் ஆண்டுகளில் கரிக் பிறெயிட் என்னும் கலாபாரிப் போதகரின் கிறித்தவ இயக்கம் கழிமுகமெங்கும் பரவிற்று. கோயில் உருவங்கள் தீக்கிரையாயின. வெறுங்கட்டை என்று எண்ணியிருந்தால் முன்னோர் திரைகளையும் அத்தீயில் இடத் தயங்கியிருக்க வேண்டியதில்லை. ஆனாற் குடித் தலைவர் சிலர் அவற்றை எரிய விடாது, பிரித்தானிய அதிகாரியான தல்பொற் என்பவரிடம் ஒப்படைத்தனர். அவர் வழியாக அவற்றுட் சில இலண்டன் சென்று, பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. குடியைக் காக்க எழுப்பிய திரைகள், குடியினரைப் பிரிந்து, படையலின்றி அங்கே இருக்கின்றன.