தன்னைத் தான் நோக்கிய மன்னன்

வாள்வலியால் நாடுகளை வென்ற மன்னர் பலரை வரலாறு அறியும். வென்ற பின்னர் அவ்வெற்றிக்காக வருந்தி, அவ்வருத்தத்தைக் கல்லிலே பொறிப்பித்த மன்னர் மிக அரியர். கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலே பாடலிபுத்திரத்திலிருந்து ஆண்ட மௌரியப் பேரரசன் அசோகன் அத்தகைய ஒருவன். போர்க்களத்தைக் கண்ட அன்றே அவன் உள்ளம் மாறி அமைதியுற்றது என்று கதை சொல்வோர் கூறுவர். அவனுடைய சாசனங்களை முறையாக நோக்குவோர்க்கு வேறொரு வரலாறு புலப்படும்.

முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின், கி. மு. 261 அளவிலே, அவன் கலிங்கத்தை வென்றான். இக்காலத்து ஒடிசாக் கரையை அடுத்த நாடு அது. 150,000 மக்கள் சிறைப்பிடித்து அகற்றப்பட்டனர் என்றும், 100,000 பேர் கொல்லப்பட்டனர் என்றும், அதனிலும் பன்மடங்கானோர் மாண்டனர் என்றும் பதின்மூன்றாம் பாறைச் சாசனம் கூறுகின்றது. இத்தொகைகளைக் கூறுபவன் பகைவன் அல்லன், வென்றவனே கூறுகின்றான். களத்திலே வீழ்ந்தவரோடு அவன் கணக்கு முடிந்துவிடவில்லை. பெற்றோரையும் பெரியோரையும் பேணி வாழ்ந்த இல்லறத்தார் உற்ற துன்பத்தையும், தாம் பிழைத்தும் தம் உறவினரை இழந்தோர் துன்பத்தையும் அவன் சேர்த்தே எண்ணுகின்றான். அவர்களுள் நூற்றிலொரு பங்கினர், ஏன், ஆயிரத்திலொரு பங்கினர் மீண்டும் அத்துயர் உற்றாலும் அது தன் மனத்துக்குப் பாரமாகும் என்கின்றான்.

இவ்வருத்தத்தினால் அவன் உடனே அறவோனாகிவிட்டானா? இல்லை. தான் புத்த சமய உபாசகனாகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயின என்றும், அவற்றுள் ஓராண்டளவும் தன் முயற்சி போதியதாக இருக்கவில்லை என்றும், சங்கத்தை அணுகிய பின்னரே ஊக்கம் மிகுந்தது என்றும் சிறு பாறைச் சாசனத்திலே அவனே ஒப்புக்கொள்கின்றான். தன் சோம்பலையும் மறையாது கூறிய அரசன் இவன்.

முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின் எழுந்த தூண் சாசனங்களுள் மூன்றாவது, இவ்வனுபவத்தின் முதிர்ச்சியைக் காட்டுகின்றது. மனிதர் தாம் செய்த நன்மையை எளிதிற் காண்பர். தாம் செய்த தீமையைக் காண்பது அரிது என்பது அதன் கருத்து. கொடுமை, வன்கண்மை, சினம், செருக்கு, பொறாமை ஆகியவை தீமைக்கு வழியாவன என்றும், அவற்றால் தன்னைத் தான் கெடுத்துக்கொள்ளலாகாது என்றும் அது அறிவுறுத்துகின்றது.

தான் பெற்ற இப்படிப்பினையை அவன் ஆட்சியிலும் புகுத்த முயன்றான். கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள தனிச் சாசனங்கள், காரணமின்றி எவரும் சிறைப்படலாகாது என அதிகாரிகளை எச்சரிக்கின்றன; பொறாமை, சினம், அவசரம், சோம்பல் முதலியன நீதியைக் கெடுக்கும் என்கின்றன. எல்லா மக்களும் தன் பிள்ளைகள் என்று அவன் கூறுவதும் அங்கேதான்.

ஆயினும் ஒரு குறையையும் சொல்லுதல் வேண்டும். வருத்தத்தைக் கூறும் பதின்மூன்றாம் சாசனம் தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படவில்லை. கலிங்கம் மீண்டும் தன்னாட்சி பெறவுமில்லை. அச்சாசனத்திலேயே காட்டுவாழ் மக்களுக்கு எச்சரிக்கையும் உண்டு. தன்னை ஆராயத் தொடங்கியவனும் முற்றும் ஆராய்ந்து முடிப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

பல நூற்றாண்டுகளாக எவரும் படிக்க இயலாதிருந்த அவ்வெழுத்துக்களை 1837 ஆம் ஆண்டு ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார். அவற்றிலே வரும் பியதசி என்னும் மன்னன் அசோகனே என்பதை, இலங்கையிற் பணியாற்றிய ஜோர்ஜ் டேணர், இந்நாட்டுப் பாளி நூலாகிய தீபவம்சத்தின் துணைகொண்டு காட்டினார். சோழர், பாண்டியர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை ஆகிய பெயர்களும் அச்சாசனங்களிலே இடம்பெறுகின்றன.

மன அமைதி என்பது செய்த பிழையை மறப்பதால் வருவதன்று. அசோகன் தன் பிழையின் கணக்கை மறைக்கவில்லை; அழியாத கல்லிலே வைத்தான். நாள் முடிவிலே தம்மை எண்ணிப் பார்ப்பவர் முதலில் தாம் செய்த நன்மைகளையே எண்ணுவர். அதனைக் கடந்து, தம்மால் எவர் உள்ளம் நொந்தது என்று ஒருமுறை வினவுவாராயின், அன்றிரவு உறக்கம் சற்றுப் பிந்தலாம். ஆயினும் மறுநாள் விடியல் தெளிவாக இருக்கும்.